மூன்று தகடுகள்

ஜெனரேட்டருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில்
உள்ளங்கை அளவு வெட்டி எடுத்தோம்.
முன்னால் அலுமினியம், பின்னால் அலுமினியம்,
நடுவே மூன்று மில்லிமீட்டர் கறுப்பு.
மீரான் கனி லைட்டரைக் காட்டினார்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அது இளகி
எரிகிற சொட்டுகளாக மணலில் விழுந்தது,
ஒவ்வொரு சொட்டுக்கும் ஸிப், ஸிப் என்று ஒரு சத்தம்.

ஆறு மாடியையும் அண்ணாந்து பார்த்தேன்.
கடல் நிறம்தான் வேண்டுமென்று
நாங்களே கேட்டு வாங்கியது.

இருபத்து நான்கு வீடு.
பதினொன்றின் சொந்தக்காரர்கள் ஷார்ஜாவில்,
மூன்று பேர் பினாங்கில்,
ஒருவர் மவுத்தாகிப் பங்கு இன்னும் பிரியவில்லை.
ராத்திரியில் வாய்ஸ் மெசேஜ்கள் வரும்:
'வேணாம்னு சொல்லலே லாத்தா,
பெருநாள் கழியட்டும்னுதான் சொல்றேன்.'
'பில்டர்கிட்ட கேட்டீங்களா?'
கேட்டேன். அந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை.
'வாடகைக்கு இருக்குறவ நான் ஏன் தரணும்?'
அவள் கேட்டது நியாயம்.
அவள் பிள்ளைகள் தூங்குவது ஐந்தாம் மாடியில்.

சாரம் கட்டுகிற கருமலையான் சாயல்குடிக்காரர்.
கச்சான் அடிக்கிறவரைக்கும்
ஒரு கம்பைக்கூட நிறுத்த மாட்டேன் என்றுவிட்டார்.
அதுவரை காவல்: இரவுக்கு இரண்டு வீடு,
ஒரு விசில், ஒரு டார்ச்.
பால்கனியில் கரி அடுப்பு கூடாதென்று
என் கையாலேயே எழுதி லிஃப்டில் ஒட்டினேன்.
முதலில் மீறியவர் என் வீட்டுக்காரர்,
கணவாய் சுட்டார்.
அபராதம் ஐந்நூறு, ரசீது கொடுத்தேன்.
மூன்று நாள் பேசவில்லை.

புரட்டாசியில் காற்று நின்றது.
திருகாணிகளை உப்பு முன்பே தின்றிருந்தது,
சில தகடுகள் தொட்டதும் கையோடு வந்தன.
உள்ளே மைனாக் கூடு, செத்த பல்லி,
பூசாத சுவரில் ஒரு கொத்தனார்
பென்சிலால் போட்ட கூட்டல். தப்பான கூட்டல்.

ஐஸ் பேக்டரிக்கு அந்தப்புறம் குடியிருக்கும்
நம்புஈஸ்வரி கேட் வரை வந்து நின்றாள்.
'மழை வரப்போவுது. குப்பைக்குத்தானே போவுது?
ஓலைக்கு மேல போட்டா ஒழுகாது.'
'இது எரியும்' என்றேன்.
'ஓலை எரியாதா?'
பதில் வரவில்லை எனக்கு.
கருகிய துண்டைக் காட்டி, 'இது சொட்டும்' என்றேன்.
அதை வாங்கி மோந்து பார்த்துத் திருப்பித் தந்தாள்.
'எங்க கூரை எரியும்னு எங்களுக்குத் தெரியும்.
ஒங்க செவுரு எரியும்னு
ஒங்களுக்குத்தான் தெரியாம இருந்துச்சு.'

கழற்றியவை முந்நூற்றுப் பன்னிரண்டு.
நானே சுண்ணக்கட்டியால் எண் போட்டேன்.
லாரிக்காரர் கொண்டுவந்த சீட்டில் முந்நூற்று ஒன்பது.

கரையோரமாக நடந்தேன்.
முதல் தகடு ஒரு ஆட்டுக் கொட்டகையின் கதவு,
எண் எழுபத்தேழு, ஆடு நக்கியது போக மிச்சம்.
இரண்டாவது டீக்கடைப் பலகை.
'இஞ்சி டீ, சுக்குக் காப்பி' என்று சிவப்பில் எழுதி
நேர் கீழே ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது.
இரண்டுக்கும் பதிலாகத் தகரம் வாங்கிக் கொடுத்தேன்.
கணக்கில் எழுதினேன்: இதர செலவு.
வருடாந்திரக் கூட்டத்தில் பினாங்கிலிருந்து கேட்பார்கள்,
இதரம் என்றால் என்ன இதரம்?

நம்புஈஸ்வரியின் ஓலைக்கு மேல்
புதுத் தார்ப்பாய் விரிந்து கிடந்தது.
ஓரங்களில் கல், நடுவில் பழைய வலை.
ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம்
நேர்கோடாக மடங்கியிருந்தது,
துணி அப்படி மடங்காது.

அவள் வீட்டில் இல்லை.
உள்ளே அடுப்பில் எதுவோ கொதித்தது.
கை நீட்டினால் எட்டுகிற உயரம்தான்.

கொண்டல் பக்கம் வானம் இருண்டு
முதல் தூறல் தார்ப்பாயில் விழுந்தது,
ஸிப், ஸிப்.

பெயின்ட்டுக்குப் பணம் மிஞ்சவில்லை.
கட்டிடம் இப்போது சிமென்ட் நிறம்.
முந்நூற்றுப் பதினொன்று வரை எழுதி
பதிவேட்டை மூடாமல் வைத்திருக்கிறேன்.