நாற்பத்தொன்று

கரண்ட் போனபோது
திரையில் காந்தம் சுருளுக்குள் பாதி நுழைந்திருந்தது.
மின்சாரம் பிறப்பதைக் காட்ட
மின்சாரம் இல்லை.
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, ஐம்பத்தேழு பேர் சிரித்தார்கள்.
நானும்தான்.

கடலூர் முதுநகரில்
உப்புக்காற்று முதலில் தின்பது ஆய்வக அலமாரியை.
கால்வனோமீட்டர் முள் மூன்றில் படுத்தது படுத்ததுதான்,
நான் வேலைக்கு வருவதற்கு முன்பே.
அதனால் இந்தத் திரை.
இதில் எதுவும் துருப்பிடிப்பதில்லை.

என் போனில் ஒரு செயலி உண்டு,
காந்தத்தை எண்ணாகச் சொல்லும்.
முதல் பெஞ்சில் கொடுத்தேன்.
வெறுங்காற்றில் நாற்பத்தொரு மைக்ரோ டெஸ்லா.
"ஒண்ணுமே இல்லையே மிஸ், எதைக் காட்டுது?"
பூமியை, என்றேன்.
நோட்டால் விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

பிறகு போன் கைமாறிக்கொண்டே போனது.
ஜன்னல் கம்பியருகே எழுபது.
பைக்குள் ஒளித்திருந்த இயர்போன் அறுநூறைத் தாண்ட,
சித்திக் மாட்டிக்கொண்டான்.
படகில் வழுக்கித் தகடு வைத்த முழங்காலில்
நீலமேகன் அழுத்திப் பார்த்தான்.
நாற்பத்தொன்று.
"காசை வாங்கிட்டு வெக்காம விட்டுட்டாங்களா மிஸ்?"
எல்லா உலோகமும் காந்தத்துக்குப் பிடிபடாதுடா என்று
சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் வந்தது.

திரை கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன்.
காந்தம் பழைய இடத்தில், வெளியே,
ஒன்றும் நடக்காததுபோல.
எழில்நிலா வந்து விரலால் இழுத்தாள்.
உள்ளே. வெளியே. பல்ப் எரிந்தது.
இன்னும் வேகமாக. பளிச்சென்று.
கையை எடுத்துவிட்டு நின்றாள்.
"மிஸ், இது கனக்கவே இல்ல."
கனக்குமா?
"அப்பா சைக்கிள்ல டைனமோவை டயர்ல சாய்ச்சா
மிதி கனக்கும் மிஸ். பாலம் ஏற முடியாது.
வெளிச்சமா, ஏத்தமா,
ஒண்ணைத்தான் வெச்சுக்கணும்."

'மாற்றத்தை எதிர்க்கும் திசையில்' என்ற வரியைப்
பதினோரு வருடமாக
இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன்.
திரையைத் தொட்டுப் பார்த்தேன்.
வழுவழுவென்று இருந்தது.

நாளைக்கு அந்த சைக்கிளைக் கொண்டு வா.
"வித்தாச்சு மிஸ்.
டைனமோவை மட்டும் கழட்டி வெச்சிருக்கு."

சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
செயலியை மூட மறந்திருக்கிறேன்.
விழுப்புரம் வண்டி வரவர
நாற்பத்து நான்கு, ஐம்பத்தொன்று, அறுபது.
கடைசிப் பெட்டியும் போனபின்
நாற்பத்தொன்று.
பக்கத்து ஸ்கூட்டரில் நின்றவர் எட்டிப் பார்த்தார்.
"என்ன மேடம், சுகரா?"