உருகல் கழிவு

நாலு வயதில் நிறைமதி சொன்னாள்:
"அப்பா, ஐஸுக்கு அழுகை வருது."
கடலூர் முதுநகர் துறைமுகம், விடியற்காலை நாலரை மணி.
ஐஸ்பாரைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன்.
குத்தாதே என்று லுங்கியைப் பிடித்துக்கொண்டாள்.
அன்று முழுக்க மெதுவாகத்தான் குத்தினேன்.
விசைப்படகுக்காரர்கள் ஏசினார்கள்.
திரும்புகையில் உப்பனாற்றுப் பாலத்தில்
நிலா நம் வண்டிக்குப் பின்னாலேயே வருகிறது என்றாள்,
அதற்கு வீடு இல்லையா என்றாள்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு.
கைக்குழந்தையாய் இருக்கையில்
ஒரு சில்லைக் காட்டிச் சாக்குக்கடியில் மறைத்தால்
முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.
தீர்ந்தது. அந்தச் சில்லே உலகத்தில் இல்லை.
பிறகு, பல் முளைத்த மாதம்,
சாக்கைப் பிடித்து இழுத்தாள்.
அங்கே ஈரம்தான் இருந்தது.
அந்த ஈரத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

முதல் வகுப்பு படிக்கையில்
ஒரு கட்டியைச் சரிபாதியாய் உடைத்தேன்.
ஒன்று கட்டியாகவே.
மற்றதைத் துணியில் சுற்றித் தூளாக்கினேன்.
தூள்தான் நிறைய என்று வட்டிலோடு வாரிக்கொண்டாள்.
தம்பி முகிலனுக்குக் கட்டி கொடுத்த கருணை வேறு.
எனக்குச் சிரிப்பு.
இரண்டு வருஷம் கழித்து அதே விளையாட்டு.
"ரெண்டும் ஒண்ணுதானேப்பா" என்றாள்,
என்னவோ நான்தான் விவரம் தெரியாதவன் போல.
எந்த இரவில் மாறினாள்?
பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.
ஒரு சத்தமும் கேட்கவில்லை.

இப்போது பத்தாம் வகுப்பு.
சனிக்கிழமை கூலிச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.
உருகல் கழிவு: நூற்று நாற்பது.
"இது என்ன?"
வழியில் உருகுவதற்குப் பிடிக்கிறார்கள்.
"வெயிலக் குறைக்க உன்னால முடியுமா?"
முடியாது.
"வேற யாராவது வண்டி தள்ளினா உருகாதா?"
உருகும்.
"யாருமே தள்ளலன்னு வச்சுக்கோ."
நின்ற இடத்திலேயே உருகும்.
"அப்போ இதுல உன் தப்பு எங்க இருக்கு?"

யாரும் தள்ளாத ஒரு வண்டியை
நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.
பத்தொன்பது வருஷமாய்ப் பிடிக்கிறார்கள்.
கடல் உப்பாய் இருப்பது போல
அதுவும் இருந்தது.

அவள் பேனாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.
நெத்திலிக் குழம்பில் புளி அதிகம் என்று
அம்மாவிடம் சண்டை நடக்கிறது.
சீட்டு என் கையில் இருக்கிறது.
நாற்பத்தாறு வயதில்
ஒரு சாக்கின் ஓரத்தைப் பிடித்து
மெல்ல இழுக்கிறேன்.