தொண்ணூற்றாறு துடிப்பு

கட்டபெட்டு ஃபேக்டரியில் இரவு இரண்டு மணி.
தகரத்தில் மழை.
உள்ளே தேயிலைத் தூசி: மூக்கில், லேப்டாப்பில்,
கடித்துவைத்த வர்க்கியில்.

நிறம் பிரிக்கும் மெஷினின் வயிற்றில்
பழைய கம்ப்யூட்டர் ஒன்று.
பார்க்க ஓர் அட்டை, காற்றூத ஓர் அட்டை,
கணக்கை ஆபீசுக்கு அனுப்ப இன்னொன்று.
மூன்றுக்கும் ஒரே பாதை.
அதற்குப் பெயர் பஸ் என்றேன்.
மேஸ்திரி போஜன் சிரித்தார்:
"கோத்தகிரி வண்டி மாதிரியா?
அப்போ நேரத்துக்கு வராது."

புகார் இதுதான்: தூளில் காம்பு.
கேமரா பார்க்கிறது,
பார்த்தது முழுசாக வந்து சேர்வதில்லை.
படத்தின் கீழ்ப்பாதி கறுப்பு.
அந்தக் கறுப்பு வழியாகக் காம்புகள்
டிக்கெட் எடுக்காமல் இறங்கிவிடுகின்றன.

ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் உண்டு,
பாதை கிடைத்தபின்
எத்தனை துடிப்பு வரை அதை
விடாமல் பிடித்திருக்கலாம் என்று.
கேமராவுக்கு முப்பத்திரண்டு.
வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும்.
கேட்டு வாங்கவும் திருப்பிக் கொடுக்கவுமே
பாதிப் பொழுது போகிறது.

நான் கஞ்சனல்ல.
இருநூற்று நாற்பத்தெட்டு என்று போட்டேன்.
படங்கள் வந்தன, விளிம்பு வரைக்கும்.
நாற்பதைத் தாண்டாத இடத்தில்
நொடிக்கு நூற்றுப்பத்து மெகாபைட்!
போஜன் டீ சொன்னார்.
நான் பில் எழுத உட்கார்ந்தேன்.

கழிவுத் தட்டருகே பூல்மணி திர்க்கி,
ஜார்க்கண்டிலிருந்து வந்து பதினொரு மாதம்,
ஒரு கை அள்ளி என் முன் விரித்தாள்.
"சார், இது நல்லது. இதுவும் நல்லது."
காம்பு எங்கே?
மூட்டைக்குப் போகும் தூளைக் காட்டினாள்.

காற்று பிந்தி ஊதியிருக்கிறது.
காம்பு கடந்துபோக,
அதன் பின்னால் வந்த பாவத்துக்கு
நல்ல இலையைத் தள்ளியிருக்கிறது.
கேமரா பேசி முடிக்கும்வரை
ஊதும் அட்டை கை தூக்கியபடி நின்றிருக்கிறது.
கண் எல்லாவற்றையும் பார்த்தது,
பார்த்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தது,
கைக்கு வழி விடவில்லை.

பில்லை மடித்துப் பையில் வைத்தேன்.
புரோகிராமைத் திறந்தால்
ஆறு வருடத்துக்கு முந்தைய என் வரி:
'ஊது' என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும்
'கேட்டதா?' என்று விசாரித்து,
பதில் வரும்வரை எல்லோரையும்
நிறுத்திவைக்கும் வரி.
பயந்தவன் எழுதியது. அழித்தேன்.

பிறகு எண்ணை இறக்கினேன்.
நூற்றறுபது. காற்று இன்னும் பிந்துகிறது.
அறுபத்துநான்கு. ஓரத்தில் கறுப்பு.
தொண்ணூற்றாறு.

நொடிக்கு எண்பத்தேழுதான்.
நூற்றுப்பத்தைப் பார்த்த கண்ணுக்கு
உறுத்தத்தான் செய்தது.
பூல்மணி தட்டைக் குலுக்கினாள்.
காம்பு. வெறும் காம்பு.
ஒன்றும் சொல்லாமல் அடுத்த சாக்கை மாட்டப் போனாள்.

விடிந்து இறங்கும்போது குஞ்சப்பனைக்கு மேலே
வளைவில் ஒரு லாரி மூச்சிரைக்க வந்தது.
ஏறுகிறவனுக்குத்தான் முதல் வழி.
ஒதுங்கி நின்றேன்.
பின்னாலிருந்த கார்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.