துத்தம் போடாத பக்கம்

ஐப்பசியில் கோத்தகிரியில்
மைதா பசை காயாது.
சொல்வதற்கு எங்களுக்குள் ஓர் உள்ளூர்க்காரன் இருந்தான்,
ஹேமந்த் போஜன்.
சொன்னான்.
மற்ற மூவரும் கேட்கவில்லை.
செய்துகொண்டிருந்ததோ ஒரு காது.

ஒன்பதடிக் காது.
மூங்கில் பிளாச்சு, தேயிலைச் சாக்கு,
மேலே ஏழடுக்குப் பழைய பேப்பர்.
சரிவில் நட்டுவைத்தால் பள்ளத்தாக்கைக் கேட்கும்
என்று திட்ட அறிக்கையில் எழுதியது நான்தான்.
நான் வரைந்தது வலக்காது.
உருளைக்கிழங்குக் கொட்டகையில் போஜன்
விடிய விடியக் கட்டி முடித்தது இடக்காது.
வெளிச்சத்துக்காக ஜன்னலில் ஒட்டிய தாளை
வெளியே நின்று பார்த்திருக்கிறான்.
அன்று முழுக்க நான் யாரோடும் டீ குடிக்கவில்லை.

சோணையில் ஓட்டை வேண்டும் என்றாள் ஷமீலா,
ஒரு கம்மல் தொங்குகிற அளவு.
ஓட்டை போட்டால் பெண் காதாகிவிடும் என்றான் ரெக்ஸ்லின்.
ஆனா என்ன?
அதற்குப் பதில் சொல்ல ஒரு மதியம் ஆனது,
பதிலும் வரவில்லை.

பசையில் துத்தம் கலக்கணும் என்றதும் அவன்தான்.
பூச்சி வராது, எலி வராது.
மார்த்தாண்டத்தில் அவன் சித்தப்பாவுக்கு பைண்டிங் கடை;
எதற்கெடுத்தாலும் அங்கிருந்து ஒரு சாட்சி வரும்.
ஷமீலாவுக்கு விரலிடுக்கில் தோல் உரிந்தது.
கையுறைக்கு ஒதுக்கிய காசை
பரோட்டாவாகத் தின்றிருந்தோம்.
அவள் தனிச் சட்டி வைத்துக்கொண்டாள்,
வெறும் மைதா, கொஞ்சம் உப்பு.
சோணை முழுக்க அவள் ஒட்டியது.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில்
கரடி வந்தது.

தகரத்தை வளைத்து, ராத்திரியில்.
கோயில் விளக்கெண்ணெய்க்கு வருகிற
அதே கரடியாக இருக்கும் என்றான் போஜன்,
தெரிந்தவரைச் சொல்வதுபோல.
காது இருந்தது. சோணை இல்லை.
மூங்கில் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.
தரையில் நக்கித் துடைத்த சட்டி,
மென்று துப்பிய பேப்பர் உருண்டைகள்,
ஒன்றில் தங்கம் விலை, பாதி.
மேல்மடலில் ஒரே ஒரு நகக்கீறல்.
முகர்ந்து பார்த்து விட்டிருக்கிறது.

நான் அப்பவே சொன்னேனே என்பதற்கு
ரெக்ஸ்லின் வாயைத் திறந்தான்.
திறந்தபடி நின்றான்.
ஷமீலா குனிந்து சட்டியை எடுத்தாள்,
கழுவின மாதிரி இருந்தது.
எல்லாச் சட்டியிலும் துத்தம் இருந்திருந்தால்...
இதை யாரும் சொல்லவில்லை.
போஜன் வெளியே போய்
தேயிலைக்குள் தடம் போகிற திசையைப் பார்த்து வந்தான்.
"நல்லாத்தான் நடந்து போயிருக்கு."

அப்படியே நட்டோம், சோணையில்லாமல்.
தூக்கும்போது நாலு பேரும் நாலு பக்கம் இழுத்தோம்.
லோடு ஆட்டோக்காரர் பொறுக்கமாட்டாமல் இறங்கி
ஒண்ணு ரெண்டு மூணு சொன்னார்.

மதிப்பீட்டன்று காலை
கொழுந்து பறிக்கிற யாரோ
நனைந்த பிளாஸ்டிக் தாளை
துருத்திய மூங்கிலில் காயப்போட்டிருந்தார்கள்.
எடுத்துவிடலாம் என்றேன்.
அவங்க வந்து எடுத்துக்கட்டும் என்றாள் ஷமீலா.
மேடம் இரண்டு முறை சுற்றி வந்தார்.
தாளைத் தொட்டுப் பார்த்து,
இது யார் யோசனை என்று கேட்டார்.
மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது,
அதைப் பார்ப்பதுபோல் நின்றோம்.

கடைசியில் ஒரு படிவம்.
யார் எவ்வளவு வேலை செய்தீர்கள், விழுக்காட்டில்.
தனித்தனியாக எழுதி மடித்துக் கொடுத்தோம்.
கூட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்:
நூற்று முப்பத்தைந்து.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரே ரப்பர்,
கை மாறிக்கொண்டே இருந்தது.
நாற்பதை முப்பதாக்கினேன்.
வர்க்கியை முக்கித் தின்றுவிட்டு
இருபத்தெட்டாக்கினேன்.
போஜன் அழித்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது.
ரெக்ஸ்லின் கையால் மறைத்துக்கொண்டு
வெகுநேரம் எழுதினான்.
ரப்பரை ஷமீலா பக்கம் நகர்த்தினேன்.
அவளுக்குத் தேவைப்படவில்லை.
பேனாவில் எழுதியிருந்தாள்,
பதினைந்து.