பைகளுக்குக் காவல்

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
எழுதிக்கொண்டிருக்கிறேன்:
ஐந்து பேர், ஒரு ஞாயிறு.
முன்பக்கத்தை இப்போதைக்கு
யாரும் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

அனாப்போலிஸிலிருந்து
வெந்நீர் ஊற்றுகளின் ஊருக்கு மூன்று மணி நேரம்.
நாலரைக்குக் கிளம்பினால்
பூங்கா திறக்கும்போது வரிசையில் முதலாவதாய் நிற்கலாம்.
கார் ஜெனிவால்டோவுடையது.
கார் கொடுக்கிற மைத்துனன்
கூடவே தானும் வருவான் என்று
அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
அப்படித்தான் நாலு, ஐந்தானது.

கயீக்கி கதவுச் சட்டத்தில் முதுகை ஒட்டி நிற்கிறான்.
பெரிய சறுக்குக்கு நூற்று நாற்பது சென்டிமீட்டர் வேண்டும்.
பென்சில் கோடு நூற்று முப்பத்தொன்பதில்.
மூன்று வாரமாய் தினமும் அளக்கிறான்,
மூன்று வாரமாய்
முகத்தைச் சுளித்தபடி கீரை தின்கிறான்.
ரயானி தம்பியின் முடியை உச்சியில் குவித்துக்
குடுமி போட்டுப் பார்க்கிறாள்.
"அமுக்கிப் பார்ப்பார்கள்" என்கிறான் அடில்சன்.
லாரிக்காரன்,
எந்தச் சோதனைச் சாவடியில் எதை அமுக்குவார்கள் என்று
தெரிந்தவன்.

ரயானிக்குப் பதின்மூன்று.
அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை:
இரண்டிலிருந்து மூன்று மணி வரை
எங்களை அவளுக்குத் தெரியாது.
சரி, எழுதிக்கொண்டேன்.
இரண்டு மணி: மகள் இல்லை.

வெளிச் சாப்பாடு உள்ளே போகாது.
உள்ளே ஒரு தட்டுச் சோற்றின் விலையை
நான் கோழி ஆலையில்
சிறகு வெட்டும் நிமிடங்களில் கணக்குப் போட்டேன்,
போட்டுவிட்டு மூடி வைத்தேன்.
ஆகவே மரவள்ளி மாவு வறுவல்,
அதற்குள் புதைத்த கோழி,
நண்பகலில் கார் டிக்கியைத் திறந்துவைத்து,
நின்றபடி.
மாவு மூட்டையோடு உல்லாசம் போகிறவர்கள் என்று
எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கேலிப் பெயர் உண்டு.
கேலி செய்கிறவனும்
வாசம் வந்தால் ஒரு கை கேட்பான்.

அடுத்த வரியை
கை தானாகவே எழுதியிருக்கிறது:
பைகள் - நான்.

யாரும் சொல்லவில்லை.
போன முறை ஏரிக்கரையிலும் யாரும் சொல்லவில்லை.
நாற்பத்தாறு படங்கள் எடுத்தோம்,
ஒன்றில் என் முழங்கை இருக்கிறது,
நான்கு துவாலை, ஒற்றைச் செருப்பு,
யாருடையதோ பல் கம்பி இவற்றுக்குப் பக்கத்தில்.
அப்பளம் போலக் காய்ந்து வீடு திரும்பினேன்.

பதினோரு வருடமாய்
பத்து டிகிரிக் குளிரில் நிற்கிற விரல்கள் இவை.
சாயங்காலம் சாவியைத் திருப்ப
இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.
அந்த ஊரிலோ
பூமியே அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சித் தருகிறதாம்,
ஓடை ஓடையாய்,
இதமாக.
அதன் ஓரத்தில் உட்கார்ந்து
மூட்டைக்குக் காவலா?

பூட்டுப் பெட்டி வாடகை: முப்பது ரெயால்.
பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை,
கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தேன்.
ஜெனிவால்டோவின் பீர்: முப்பத்திரண்டு ரெயால்.
ஒரு கோடு கிழித்தேன்.
மிச்சம் இரண்டுக்கு
ஐஸ் குச்சி ஒன்று கிடைத்தால் அவனுக்கு.

சாவி கைப்பட்டையில் வருமாம்,
தண்ணீருக்குள்ளும் கழற்ற வேண்டாமாம்.
மணிக்கட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன்,
வளையல் கடையில் நிற்பவளைப் போல.

மணி பதினொன்று.
அடில்சன் பாதித் தூக்கத்தில் சொல்கிறான்:
மனிதன் படுத்து எழுந்த உடனே
கொஞ்சம் உயரமாய் இருப்பானாம்,
நிற்க நிற்கக் குறைவானாம்.
லாரியில் கேட்ட செய்தி, வானொலி சொன்னது.

எழுந்து உட்கார்ந்தேன்.
விளக்கைப் போட்டு,
பட்டியலின் அடியில், பெரிய எழுத்தில்:

கயீக்கியை நிற்க விடக்கூடாது.
கட்டிலிலிருந்து காருக்குத் தூக்கு.
பின்சீட்டில் நீட்டிப் படுக்க வை.
ஜெனிவால்டோ
காலை மடக்கிக்கொள்ளட்டும்.