இருட்டு செய்தல்

ஹம்மர்ஃபெஸ்ட், ஜூலை.
இரவு பதினொன்றரை.
வெயில் சமையலறை மேசைமேல்
சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது,
கிளம்பும் உத்தேசமே இல்லாமல்.

பள்ளி விடுமுறைக்குப் பதினேழு நாள் வயது.
மாவில் திமிங்கலம் பிடித்துச் சுட்டாயிற்று,
குளியல் தொட்டியில் கப்பல்கள் கவிழ்ந்தாயிற்று,
சீட்டுக்கட்டில் ராணியைக் காணோம்.
"இன்றைக்கு இருட்டு செய்யலாம்" என்கிறான் வேமுண்ட்.

மூன்று கம்பளி, கிழிந்த பாய்த்துணி,
ரொட்டி சுற்றும் வெள்ளித்தாள் ஒரு முழுச் சுருள்.
நாற்காலிமேல் ஏறி,
ஆணிகளைப் பல்லில் கடித்தபடி
சீக்ருன் ஜன்னலை அடைக்கிறாள்.
ஓர் இடுக்கை மூடினால் இன்னோர் இடுக்கு சிரிக்கிறது.
இருட்டுக்கு
இவ்வளவு வேலை இருக்குமென்று
யாருக்குத் தெரியும்?

பிறகு வடிதட்டுக்குள் டார்ச்சை வைக்க
கூரையெங்கும் நட்சத்திரம்.
நடுவில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்குத் தோல்
ஏகமனதாக மேகம் ஆகிறது.
போன குளிர்காலத்தை மறந்துவிட்ட
மூன்று வயது ரக்னா கேட்கிறாள்:
"இதையெல்லாம் யார் கழுவுவாங்க?"

படாரென்று கதவு.
மீன் தொழிற்சாலையிலிருந்து தோர்லைஃப்,
முதுகுக்குப் பின்னால் முழு வெளிச்சத்தோடு.
"அப்பா, இரவைச் சாத்து!"

சாத்துகிறான்.
செதில் ஒட்டிய கையோடு
தரையில் சரிகிறான்.
கம்பளியில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று;
அதில் நுழைந்த வெயில்
குறி தப்பாமல் அவன் வழுக்கையில் இறங்குகிறது.

"நிலா! அசையாதே!"

அசையவில்லை.
சற்று நேரத்தில் நிலா குறட்டை விடுகிறது.

ரக்னா நட்சத்திரங்களை எண்ணுகிறாள்,
தனக்குத் தெரிந்த ஏழு வரைக்கும்.
மறுபடியும்
ஒன்று.