விருப்பமிருந்தால் மட்டும்

அரசாங்கம் எனக்கு வைத்த பெயர் எல்வியோ.
நாற்பத்தாறு வயதில் பெயர் வைத்தார்கள்.
ஞானஸ்நானத் தொட்டி இல்லை, இனிப்பு இல்லை,
ஒரு மேசை, இரண்டு அதிகாரிகள், ஒரு பேனா.
கையெழுத்துப் போட்டுப் பழகுங்கள் என்றார்கள்.
முப்பது தாள் பழகினேன்.
இன்னமும் தெருவில் யாராவது எல்வியோ என்று கூப்பிட்டால்
அந்த ஆள் திரும்பட்டும் என்று
ஒரு நொடி காத்திருக்கிறேன்.

பழைய பெயருக்கு என் தம்பி
கலாப்ரியாவின் உள்ளூர்ப் பத்திரிகையில்
இரங்கல் விளம்பரம் கொடுத்தான்.
கால் பக்கம், கறுப்புக் கட்டம்.
புகைப்படம் மட்டும் பார்த்துத் தேர்ந்திருந்தான்,
அதில் நான் அழகாக இருந்தேன்.

மிலானிலிருந்து லுதோவிகா தொலைபேசுகிறாள்,
என் புத்தகத்தைத் திருத்துகிறவள்.
மூன்றாம் அத்தியாயத்தில் ரத்தம் போதவில்லையாம்.
ஏழாம் அத்தியாயத்தில் ஆப்பிள் அதிகமாம்.
என்ன செய்வது, லுதோவிகா,
ஒன்பது வருடமாக ஆப்பிளோடுதான் பிழைப்பு.
நோன் பள்ளத்தாக்கின் குளிர்க் கிடங்கில்
ஒரு டிகிரி இருட்டில்
பெட்டி பெட்டியாய் அவை உறங்குகின்றன.
நான் காவல்.
ஆமாம், காவல். முதல் நாள் நானும் சிரித்தேன்.

கொலையைப் பற்றி எழுதுவது சுலபம்.
நீதிமன்றத்தில் பதினொரு நாள் ஒப்பித்தவைதானே,
வாய்ப்பாடு மாதிரி வந்துவிடுகின்றன.
வரிசையில் நின்றதை எழுதத்தான் வரவில்லை.
தபால் நிலையம், கையில் மின்கட்டணச் சீட்டு,
எனக்கு முன்னால் பதினான்கு பேர்.
என்னைக் கண்டு ஒருவரும் விலகவில்லை.
ஒரு கிழவர் என் காலை மிதித்துவிட்டு
மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.
வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அது அவமானமா ஆறுதலா என்று
இன்றுவரை பிடிபடவில்லை.

போன நவம்பரில் நீவெஸ் வந்தாள், கையில் ஓர் உறையோடு.
"ஒத்தோரினோ ஓய்வு பெறுகிறார்.
ஆளுக்கு ஐந்து யூரோ. விருப்பமிருந்தால் மட்டும்."

அந்த உறை.
அதே பழுப்பு. அதே திறந்த வாய்.
விருப்பமிருந்தால் மட்டும் என்றுதான்
நாங்களும் சொல்வோம்,
கடைக்காரரின் பிள்ளை தலையைத் தடவியபடி.

"கொடுக்காவிட்டால்?"
கேட்டது என் பழைய குரல்.
நீவெஸ் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
"ஒன்றுமில்லை" என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
"கொடுக்காவிட்டாலும் கேக் உண்டு."

ஒன்றுமில்லை.
அந்த ஒரு சொல்லுக்கு முழு அத்தியாயம் எழுதினேன்.
லுதோவிகா வெட்டிவிட்டாள்.
வெட்டியதில் கோபமில்லை, எனக்குத் தெரிந்த தொழில்தான்.
ஆனால் அதற்குள் அஸ்ஸுந்தா இருந்தாள்.

துறைமுகத் தெருவில் துணி தேய்த்துக் கொடுத்தவள்.
குற்றப்பத்திரிகையில் அவள் பெயர் இல்லை,
அவள் யாரிடமும் புகார் சொன்னதில்லை.
மாதத்தின் முதல் வெள்ளி நான் நுழைந்ததும்
கசங்கிய நோட்டுகளைப் பலகையில் பரப்பி
ஒவ்வொன்றாய் இஸ்திரி போடுவாள்.
மரியாதையா, நக்கலா,
சும்மா என்னை நிற்கவைத்தாளா?
நான் கேட்டதில்லை. எண்ணியதோடு சரி.
நெஞ்சுப் பையில் அந்த உறை
மூன்றாம் தெரு தாண்டும்வரை சூடாக இருக்கும்.

நீவெஸிடம் ஐந்து யூரோ கொடுத்தேன்.
வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு
இன்னொரு ஐந்து.
"இது யாருக்கு?"
பழைய பாக்கி என்றேன்.
அவள் தோளைக் குலுக்கி வாங்கிக்கொண்டாள்.
என்னிடம் அவள் பயப்படவே இல்லை, லுதோவிகா.

ஒத்தோரினோவுக்கு ஒரு தெர்மாஸ் குடுவை வாங்கினார்கள்.
கேக் ஆப்பிள் கேக்தான்.
எனக்கும் ஒரு துண்டு, காகிதத் தட்டில்,
கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றேன்.
இதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.
வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால்
மூன்றாம் அத்தியாயத்தை வெட்டு.